எரிமலைக்குத் தீ வைத்த மாப்பிள்ளை

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் சுகம். தனித்தனியாகச் சுகம், ஏனென்றால் அவள் என்னோடு பேசுவதில்லை. உன் சுகத்தை அறிய எனக்குத் துளியும் ஆசையில்லை. முறைக்காகக் கேட்டு வைக்கிறேன்.

தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷனுக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கலாம். நீ வாட்டர் கலர் பெட்டி கொடுத்தாய். "இதுல உக்காந்தா கோபமே வராது அத்தான்" என்றாய். பார்த்து வரையச் சொல்லி, பனி மூடிய எரிமலைப் படம் ஒன்றையும் கூடவே வைத்தாய். பெட்டியைத் திறந்தால் வெள்ளையைக் காணோம். போனில் கேட்டால், "பனிக்குக் கலர் கிடையாது அத்தான், பேப்பரை அப்படியே விட்டுரணும்" என்று சிரிக்கிறாய். அதாவது, எதை வரைய வேண்டுமோ அதைத் தொடவே கூடாது! வானத்தைப் பூசி, பாறையைப் பூசி, நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் செய்தேன். எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்ட பிறகு ஒரு மலை வந்தது. பார்த்தாலே பல் கூசும், அப்படிப்பட்ட பனி. உன் அக்கா, "நடுவுல பூசாம விட்டுட்டீங்களே, சோம்பேறித்தனமா?" என்றாள். பொறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தங்கமான பையன் என்று அவரைப் பார்த்து முடித்ததும் நீதானே! வானத்துக்கு இன்னொரு பூச்சு கொடுத்து, மலையையும் லேசாக நனைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் மாப்பிள்ளை என் தூரிகையோடு நிற்கிறார். "எரிமலைல நெருப்பையே காணோமேன்னு லேசா வச்சேன் மாமா" என்கிறார். லேசாவாம்! ஈரத் தாளில் சிவப்பை வைத்தால் அது சொன்ன இடத்தில் நிற்குமா? உச்சியிலிருந்து ஊறிப் பரவி, பனியையெல்லாம் தின்றுகொண்டு அடிவாரத்துக்கு ஓடுகிறது. காலமெல்லாம் தீயை அணைத்தவன் வீட்டிலேயே தீ வைத்துவிட்டார் ஐயா! பழக்கதோஷம், கை தானாகத் தண்ணீர் ஜக்கைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டது. மேஜை, மலை, மாப்பிள்ளையின் புதுச் சட்டை எல்லாம் நனைந்தன. "மலை அது பாட்டுக்குத் தூங்கிட்டிருந்துச்சு, உன்னை யாருய்யா எழுப்பச் சொன்னது?" என்று கத்தினேன். "ஒரு படத்துக்காக அவரை வா போன்னு பேசுவீங்களாப்பா? இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று மகள், சொட்டச் சொட்ட நின்ற புருஷனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "நெருப்பு படத்துல இல்ல, உங்க வாயில இருக்கு" என்றாள் உன் அக்கா. அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

எல்லாவற்றுக்கும் காரணம் நீ. பெட்டியைப் பார்சல் கட்டி இத்துடன் அனுப்புகிறேன். இனி உயிருள்ளவரை யாருக்கும் எதையும் பரிசளிக்காதே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்குக் கிடையாது.

கொதிப்புடன்,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் போன் செய்தாள். "உங்க மேல கோபம் தீரலப்பா. ஆனா இவரு ஆபீசுக்கு லீவு போட்டுட்டு மலையா வரைஞ்சு தள்றாரு. பனி மட்டும் வரமாட்டேங்குதாம். 'மாமா எப்படித்தான் கையை அடக்கினாரோ'ன்னு ஒரே புலம்பல். வந்து சொல்லிக் குடுத்துத் தொலைங்க" என்றாள். உன் அக்கா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு, "என்ன நிக்கறீங்க, கிளம்புங்க" என்கிறாள். பார்சலைப் பிரித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். ஆகவே உனக்குப் பெட்டி வராது. இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதின கோபம் வீணாகக் கூடாதே என்று இதை மட்டும் அனுப்புகிறேன்.