சம வெளிச்சத் தீர்மானம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிதல்ல; வெளிச்சத்தை இரண்டு தலைவர்களுக்குச் சமமாகப் பங்கிட்டதே பெரிது. அந்தப் பெருமை கனடாவின் ஸ்காபரோவில், ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இயங்கும் பழைய மாணவர் சங்கத்துக்கே உரியது.

சென்ற ஆண்டுவிழா மேடையில் இரு தலைவர்களின் பெயர்களும் எல்ஈடி பல்புகளில் மின்னின. இரத்தினவேலுக்குப் பட்டங்கள் அதிகம். ஆகவே பல்புகளும் அதிகம். பல்பு மாலை நீண்டதால் மின்னோட்டம் குறைந்து அவர் மங்கினார். செல்வரட்ணம் ஜொலித்தார். மங்கியவர் மேடையை விட்டு இறங்க, பாதிச் சங்கமும் இறங்கியது. சமாதானத்துக்கு ஏழு மாதம் பிடித்தது.

இவ்வாண்டு மின்விளக்குப் பொறுப்பு நிரூபாவிடம். யாழ்ப்பாணத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்தவள். போன இடமெல்லாம் ‘கனேடிய அனுபவம்’ கேட்டார்கள். சங்கம் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தது. விழா முடிந்த வாரமே ஒரு நேர்முகம். அதற்குள் அந்தக் கடிதம் கையில் வேண்டும்.

அவசரக் கூட்டத்தில் விளக்கினாள்.

“இது கறன்ற் மிரர், அங்கிள். ரெண்டு டிரான்சிஸ்டர். முதலாவதில எவ்வளவு கறன்ற் எண்டு நாங்கள் வைப்பம். மற்றது அதைப் பாத்து அதேயளவு விடும். மாலை நீளமோ கட்டையோ, வெளிச்சம் ஒண்டுதான்.”

சபை மெய்சிலிர்த்தது. இரத்தினவேல் கையை உயர்த்தினார்.

“எது பிள்ளை முதலாவது?”

“செல்வரட்ணம் அங்கிளின்ர பக்கம்...”

“அப்ப நான் உவரின்ர கொப்பியோ?”

“கொப்பியாகவும் ஒரு தகுதி வேணும், காணும்!” என்றார் செல்வரட்ணம்.

நாற்பது நிமிடம் ‘தொழில்நுட்ப விவாதம்’ நடந்தது. கடைசியில் நிரூபா மூன்றாவது டிரான்சிஸ்டர் ஒன்றைச் சேர்த்தாள். அதுவே மூலம், தலைவர்கள் இருவரும் பிரதிகள்.

“எங்களுக்கு மேலை ஆர் அது?” இருவரும் எழுந்தே விட்டார்கள்.

“அதுக்குச் சங்கத்தின்ர யாப்பு எண்டு பேர் வைப்பம், அங்கிள்.”

இருவரும் அமர்ந்தார்கள். “யாப்பெண்டாப் பரவாயில்லை. அந்தச் சட்டப் புத்தகத்தால இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை.”

மூன்றையும் ஒரே அலுமினியத் தகட்டில் நெருக்கி முடுக்கினாள். ஒன்று மட்டும் தனியே சூடேறினால் மின்னோட்டத்தை அளவுக்கு மேல் இழுக்கும். சங்கத்துக்கு இது புதிய செய்தியல்ல. விழாவில் இரு பெயர்களும் அணுவளவும் பிசகாமல் ஒளிர்ந்தன. மண்டபம் கைதட்டியது. தலைவர்கள் எழுந்து நின்று அதைப் பெற்றுக்கொண்டார்கள்.

நேர்முகத்துக்கு முதல் நாள் கடிதம் வந்தது.

“மேற்படி மின்சுற்றைத் தலைவர்கள் இருவரும் சிந்தித்து வடிவமைத்தனர். செல்வி நிரூபா அதைப் பார்த்துப் பிழையின்றிப் பிரதி செய்தார்.”

கீழே இரண்டு கையொப்பங்கள்: ஒரே வரியில், ஒரே உயரத்தில், ஒரே மையில். யார் முதலில் ஒப்பமிடுவது என்ற விவாதமே எழவில்லையாம். களவென்று வந்துவிட்டால் அவர்கள் ஒருநாளும் பிரிந்ததில்லை.