தொலைந்துபோன இரண்டரை டிகிரி

செம்பூர், பம்பாய்
17-1-1964

அன்புள்ள அண்ணா பஞ்சாபகேசனுக்கு, ஷ்யாமளா அநேக நமஸ்காரம். இங்கே நாங்கள் மூவரும் க்ஷேமம். மூவர்தானா என்பதைப் பற்றியே இந்தக் கடிதம். தாணேயிலிருந்து நீ எழுதியதற்கு நாலு நாள் தாமதித்து பதில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் இனி ஒரு நாளும் இருக்க மாட்டேன் என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை டாக்சியோடு வந்து என்னையும் குழந்தையையும் அழைத்துப்போகிறேன் என்றாய். என் போன கடிதத்தில் அழுகை மட்டும்தான் இருந்தது, கணக்கு இல்லை. இதில் கணக்கையும் எழுதுகிறேன்.

குழந்தைக்குத் தண்ணீர் விளாவும்போது மற்றவர்கள் முழங்கையை விட்டுப் பார்க்கிறார்கள். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவளுக்கு முழங்கையில் நம்பிக்கை வருமா, நீ கொடுத்த தெர்மாமீட்டர் இருக்கும்போது? பித்தளை அண்டாவில் எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீர், இருபத்து மூன்று டிகிரி. அதில் நாலு லிட்டர் வெந்நீர், எழுபத்து நாலு டிகிரி. சூடானது இழப்பதும் குளிர்ந்தது பெறுவதும் சமம். அண்டா நாலு கிலோ, பித்தளை அதிகம் சூடு குடிக்காது, அதையும் சேர்த்தால் விடை முப்பத்தொன்பதரை. விளாவியதும் முப்பத்தொன்பதரைதான் காட்டும். அண்டாவைப் பாத்ரூமில் பேராச்சியிடம் விட்டுவிட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் முப்பத்தேழு. தினமும் அதே முப்பத்தேழு. பேராச்சி குளிப்பாட்ட வருகிறவள், தாராவியில் வீடு, ஊர் திருநெல்வேலிப் பக்கம். கையில் எடுத்த குழந்தை அழாது. ஆனால் மூன்று வாரமாகக் குழந்தை குளித்து வந்தால் ஜில்லென்று உதடு வெளுத்துக் கிடக்கிறாள், நெஞ்சில் கர்கர் என்கிறது, டாக்டர் இன்னும் சளி கூடினால் ஆஸ்பத்திரி என்கிறார்.

முதலில் பேராச்சி பச்சைத் தண்ணீர் கலக்கிறாள் என்று நினைத்தேன். அண்டாவுக்குள் மட்டத்தில் கோடு கிழித்து வைத்தேன். ஒரு சொட்டு கூடவில்லை. தண்ணீர் அப்படியே இருக்கிறது, சூடு மட்டும் போகிறது. அழுது எழுதுவதற்கு முன்னால் தண்ணீர் ஆறுகிறது என்று நான் கேட்டபோது, காற்றில் போகும், சுற்றி மூடு என்று நீ எழுதியிருந்தாய். என் ஆத்துக்காரருடைய கம்பளிக் கோட்டை அண்டாவுக்குப் போட்டுப் பட்டனும் மாட்டினேன். கதவைத் திறந்தபோது பாத்ரூம் மூலையில் தலையில்லாத குட்டை மனிதர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பயந்துதான் போனேன். அப்போதும் முப்பத்தேழு. அதே அண்டாவைச் சமையலறையில் வைத்தால் அவ்வளவு நேரத்தில் கால் டிகிரிகூட இறங்கவில்லை. இவர் டிராம்பேக்கு ஆபீஸ் பஸ் பிடிக்கக் கிளம்பினவர், கோட்டு ஈரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ரெண்டரை டிகிரி திருட்டுப் போச்சுன்னு போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கட்டுமா?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "அம்மாவ வரச் சொல்றேன். நோக்கு உடம்பு சரியில்லே ஷ்யாமா," என்றார். அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

அண்ணா, காணாமல் போவது முப்பத்தொரு கிலோ கலோரி. யார் எடுத்தால் அவ்வளவு போகும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மனித உடம்பின் ஸ்பெஸிஃபிக் ஹீட், அதாவது ஒரு கிலோ ஒரு டிகிரி ஏறக் குடிக்கிற சூடு, 0.83. பிறந்த குழந்தை மூன்று கிலோ என்று வைத்தால், தண்ணீரில் இறங்குமுன் அதன் உஷ்ணம் இருபத்து நாலரை வருகிறது. உயிருள்ள குழந்தை முப்பத்தேழு இருக்கும். இருபத்து நாலரை எங்கள் பாத்ரூம் சுவரின் உஷ்ணம். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் உனக்கு அழுது எழுதினேன்.

நேற்று எண்ணெய் தேய்க்காமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேராச்சி யாருக்கோ மெதுவாகச் சொல்கிறாள்: "குளி, நல்லா குளி. குளிச்சிட்டுப் போயிரணும், எம் புள்ளகிட்ட வரப்பிடாது." குழந்தையை இறுக்கிக்கொண்டேன். கதவைத் தள்ளினேன். அண்டாவுக்குள் எங்கள் அம்மிக்குழவி. அதன் தலையில் தண்ணீரைக் கோரி விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்படித் தள்ளுதிய? புள்ள பயந்துரப் போவுது. மொதத் தண்ணி கல்லுக்கு. இளஞ்சூட்டுக்கு ஆசப்பட்டு வாறது, கல்லப் புள்ளன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிரும்."

"எடுத்துண்டு போனா கல் இங்கே இருக்கே?"

"அது கல்லையா எடுக்கும்? சூட்டத்தான எடுக்கும்," என்றாள், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கருங்கல்லின் ஸ்பெஸிஃபிக் ஹீட் 0.2, கல்லும் பச்சைத் தண்ணீரைப் போல இருபத்து மூன்று டிகிரி. முப்பத்தொரு கிலோ கலோரியைக் கல் குடிக்க வேண்டுமானால் அது பதினொரு கிலோ இருக்க வேண்டும். பேராச்சி அதைத் தூக்கும்போது முக்கிய முக்கலுக்குப் பதினொன்று தாராளமாக இருக்கும். கணக்குக்குக் கணக்கு சரியாகிவிட்டது. கல்லை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் மனசு கஷ்டப்படும். நாளையிலிருந்து கல் குடிப்பதற்கும் சேர்த்து வெந்நீரைக் கூட்டி விளாவப் போகிறேன். இவரிடம் சொன்னேன், அம்மாவை வரச் சொல்லும் பேச்சை விட்டுவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை டாக்சி வேண்டாம். நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

மன்னிக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு முத்தம். பகவான் உங்கள் எல்லோரையும் அவரவர் உஷ்ணத்தில் வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
ஷ்யாமளா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பழைய பேப்பர் எடுக்கிற கரீம் பாட்சா தராசோடு வந்தார். விளையாட்டாக அம்மிக்குழவியை வைத்து நிறுக்கச் சொன்னேன். நாலு கிலோ. தட்டை மாற்றிப் போட்டும் நாலேதான். நாலு கிலோ கல் எவ்வளவு நேரம் ஊறினாலும் பதினொரு கிலோ கலோரிக்கு மேல் குடிக்காது. மீதி இருபதை யார் எடுக்கிறார்கள்? பேராச்சியிடம் சொன்னேன். கிலோவும் கலோரியும் அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன். கல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ இந்தக் கல்லு பத்தலம்மா," என்று சொல்லி, குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அண்ணா, ஞாயிறு வரைக்கும் வேண்டாம். கடிதம் கிடைத்ததும் டாக்சியில் ஏறு.