நெருப்புக்கு யோசனை சொல்கிறவர்

சமைக்கிறவர்கள் ஒரு ரகம், சாப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு: நெருப்புக்கு யோசனை சொல்கிறவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர், கொல்லையில் யாராவது நாலு செங்கல்லை அடுக்கிக் கரியைப் பற்றவைத்துவிட்டால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்று, கரி போதாது என்பார், போட்டால் அதிகம் என்பார், விசிறினால் மெல்ல என்பார், நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார். கை மட்டும் இடுப்பை விட்டு இறங்காது.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இந்த ரகத்துக்குத் தலைவர் யார் என்று கேட்டால், அடக்கம் கருதி நான் சொல்ல மாட்டேன். என் சம்சாரம் தாயாரம்மாள் சொல்லிவிடுவாள்.

அவளுடைய தகப்பனார் தேசப்பன், பழவேற்காட்டு ஏரியில் நாற்பது வருஷம் வலை வீசியவர். தொழிற்பேட்டையில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து ஆறே மாதம் ஆகியிருந்த நான், எங்கள் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நின்று, வலையை எப்படி வீச வேண்டும் என்று அவருக்குத் துண்டை உதறிக் காட்டினேன். மனிதர் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"ஒன் ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

மூன்று வருஷம் நனைக்கவில்லை. மகளைப் பார்க்க வருவார். குடிக்கிற தண்ணீரைக்கூடக் கையோடு கொண்டு வருவார். அவர் போன பிறகு, அவருக்காக வடித்த சோற்றில் தாயாரம்மாள் தண்ணீர் ஊற்றி வைப்பாள்.

எழுபத்தாறாம் வருஷக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, எட்டு மடவை மீனோடு வந்து நின்றார். "சுட்டுக் குடு தாயாரு, துன்னுட்டுப் போறேன்" என்றார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தனியே இழுத்தாள்.

"தா பாரு. எங்க நைனா மூணு வருஷம் கழிச்சி கை நனைக்க வந்துகீறாரு. நீ நெருப்பாண்ட வராத. வாயத் தொறக்காத."

"நான் இன்னா சொல்லப் போறேன்?" என்றேன்.

எங்கள் ரகத்தார் எல்லோரும் முதலில் இப்படித்தான் சொல்வோம்.

அவள் கரியைப் பற்றவைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். நான் போய்ப் பார்த்தேன். சும்மா பார்க்கத்தான். மீன் செதிலோடு கிடந்தது. எளாவூரில் லாரிக்காரரிடம் வாங்கிய மக்காச்சோளம் மட்டையோடு கிடந்தது. சுத்தம் வேண்டாமா? செதிலைச் சுரண்டினேன், மட்டையை உரித்தேன், பட்டறை நண்பர் ஒருவர் வெல்டிங் செய்து கொடுத்த கம்பித் தட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, இன்னும் நாலு கூடை கரியைக் கொட்டி, கொழுந்துவிட்டு எரிகிற நெருப்பின் மேல் தூக்கி வைத்தேன். மீனைச் செதில் காப்பாற்றும், சோளத்தை மட்டை காப்பாற்றும் என்பது ஏரிக்கரையில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. மீன் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. நெம்பினேன். பாதி கம்பியிலேயே நின்றது, பாதி சாம்பலில் விழுந்தது. சோளம் படபடவென்று வெடித்துக் கரிக்கட்டையானது.

தாயாரம்மாள் குடத்தோடு வந்து நின்றாள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மாமனார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைத் தேடினார்.

"இரு நைனா" என்று உள்ளே ஓடினாள். ஒரு சின்னக் கூடையோடு திரும்பினாள். உள்ளே செதிலோடு இரண்டு மடவை, மட்டையோடு இரண்டு சோளம்.

"இது இன்னாமோ பண்ணப் போவுதுன்னு தெரியும். அதான் தனியா எடுத்து வெச்சேன். நீயே சுடு நைனா."

'இது' என்றது என்னைத்தான்.

அவர் உட்கார்ந்தார். எரிகிற கரியைத் தள்ளிவிட்டு, தணலை மட்டும் பரப்பி, மீனையும் சோளத்தையும் அதன் மேல் வைத்தார். ஐயா, இப்போது மீனைத் திருப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. தாயாரம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டேன்.

"இன்னா மாப்ள, திருப்பட்டா?" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

துண்டை இன்னும் இறுகக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பிறகு கருகிய தோலைச் செதிலோடு உரித்துப் போட்டு, வெள்ளைச் சதையைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். மறுசோறு கேட்டார். தாயாரம்மாள் பானையையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் மனசாட்சியோடு ஒன்று சொல்லுங்கள். மீன் கம்பியில் ஒட்டியது என்று படித்தபோது, 'கொஞ்சம் எண்ணெய் தடவியிருந்தால் ஒட்டியிருக்காதே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் உடனே எழுந்து போய் உங்கள் வீட்டு அடுக்களையில் தேடிப் பாருங்கள். எங்கேயோ இரண்டு மீன் ஒளித்து வைத்திருப்பார்கள்.