ப்ளஸ் ஆறில் ஒரு சதி

இந்த வருஷம் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் தனியாகத்தான் கீபோர்டு வாசிப்பேன்! சபதம் எடுத்துவிட்டேன். குளியலறையில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு.

வீட்டுக்கு ஒரு நிகழ்ச்சிதான் என்பது சங்கத்தின் விதி. எங்கள் வீட்டில் மனைவி பாடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். கைதட்டல் மொத்தமும் அவளுக்கு. போன வருஷம் செயலாளர் என்னைக் காட்டி, "மேடம், இவர் கீபோர்டோட வாடகைக்கு வந்தவரா?" என்று அவளிடமே கேட்டார். வயிறு எரியுமா, எரியாதா?

"நீ பாடாதே" என்று சொல்லத் தைரியம் இருந்தால் நான் ஏன் குளியலறைக்குப் போகிறேன்? அவளாகவே ஒதுங்க வேண்டும். அதற்குத்தான் டிரான்ஸ்போஸ் பொத்தான். எனக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டுமே பழக்கம். கறுப்பைத் தொட்டால் கை வியர்க்கும். இந்தப் பொத்தானைத் தட்டினால் விரல் அதே இடத்தில் இருக்கும், சுருதி மட்டும் ஏறும். ஒத்திகையில் தினம் ஒரு படி ஏற்றினால் நாலாம் நாள் தொண்டை கட்டிவிடாதா?

முதல் நாள் ப்ளஸ் ஒன்று. பாடினாள். நாலாம் நாள் ப்ளஸ் நாலு. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பாடினாள். ஆறாம் நாள் ப்ளஸ் ஆறு. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"ஏம்மா, கொஞ்சம் உச்சத்துல போற மாதிரி இல்ல?"

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையேங்க."

"தொண்டை கிண்டை வலிச்சா விட்டுடு. நான் எப்படியாவது தனியா சமாளிச்சுக்கறேன்."

"பாவம், உங்களைத் தனியா விடுவேனா?"

விழாவிலும் துணிந்து ப்ளஸ் ஆறு வைத்தேன். தேனாகப் பாடினாள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. மேடையை விட்டு இறங்கியதும் என்னை ஓரமாக இழுத்தாள்.

"தினமும் நீங்க ஏத்தினதை, பாட்டு நோட்டை கீபோர்டுல நம்பர் காட்டுற அந்தக் குட்டித் திரை மேல சாய்க்கிற சாக்குல நான் இறக்கிட்டேன். இன்னிக்கும்தான். எல்லா நாளும் பூஜ்யம்."

தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் விடுவேனா?

"சும்மா கதை விடாதே! எனக்குப் பாம்புக் காது. சுருதி மாறினா எனக்குக் கேக்காதா?"

"கேக்குமா?"

"தூக்கத்துல கூடக் கேக்கும்!"

அதற்குள் செயலாளர் ஓடி வந்தார். "சார், நேரம் மிச்சம் இருக்கு. நீங்க தனியா ஒண்ணு வாசிங்களேன்!"

அடித்தது யோகம்! நான் சட்டைக் காலரைச் சரிசெய்வதற்குள் அவள் மேடையேறி நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகி வாசித்தேன். கைதட்டல்! எனக்கே எனக்கு! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளிடம் போனேன்.

"எப்படி?"

"பிரமாதம்ங்க. நோட்டை எடுக்கறப்போ ப்ளஸ் அஞ்சு வெச்சுட்டு வந்தேனே, கேட்டுச்சா?"