சகிப்புத்தன்மைச் சுவர்

"சார், அந்த நீலச் சட்டையை மொதல்ல அழிக்கச் சொல்லுங்க! ஊருல ரகளை ஆயிடும்!"

பூபதி தலையில் கை வைத்துக்கொண்டார். பர்கூர் தாண்டி, நெடுஞ்சாலையைப் பார்த்த பழைய கிரானைட் பட்டறையின் நீளச் சுவரில், சகிப்புத்தன்மை முகாமுக்கு வந்த வெளிநாட்டு இளைஞர்கள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கைகோத்து நிற்கும் மனிதர்கள். மேலே 'எல்லோரும் சமம்'. சாயங்காலம் ஓசூரிலிருந்து முகாமை நடத்தும் நிறுவனத்தின் தலைவி ரஞ்சிதா மேடம் வந்து திறந்துவைக்க வேண்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால்தான் பூபதிக்கு அடுத்த வருஷமும் ஒருங்கிணைப்பாளர் வேலை. ஊரில் தகராறு என்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"நீலச் சட்டை போட்டா என்னய்யா தப்பு?"

"அது ஒரு கட்சிக் கொடி கலரு சார். மத்த கட்சிக்காரங்க கொதிச்சிக்கினு இருக்கறாங்க," என்றான் சென்னப்பன். காலையில் தானாகவே வந்து ஒட்டிக்கொண்ட உள்ளூர்க்காரன். அவன் மட்டும் இல்லையென்றால் ஊர் நிலவரத்தை யார் சொல்வார்கள்?

நீலம் பச்சையானது. சென்னப்பன் மறுபடி ஓடி வந்தான்.

"பச்சையா? போச்சு போங்க!"

பச்சை மஞ்சளானது.

"மஞ்சளா? இதுக்கு நீலமே தேவலாம் சார்!"

சகிப்புத்தன்மை முகாம் என்றுதான் பெயர். சகித்துக்கொண்டிருந்தது என்னவோ பூபதி ஒருத்தர்தான்.

போலந்துக்காரி லேனா பிரஷ்ஷை வாளிக்குள் எறிந்தாள். "சட்டையே இல்லாமல் வரைந்துவிடலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"அம்மா தாயே, நீ வேற!"

"ஒடம்புக்கு என்ன கலர் அடிப்பீங்க? கறுப்பு ஒரு கட்சி, செவப்பு இன்னொரு கட்சி," என்றான் சென்னப்பன்.

பூபதிக்குப் பொறுமை போய்விட்டது. "வாய்யா, நானே நேரா பேசிக்கறேன். கொதிக்கறவங்க வீடு எது?"

சென்னப்பன் தூரத்தில் தெருவைக் காட்டினான். எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தது. "பாத்தீங்களா? உங்க மூஞ்சியில முழிக்கவே புடிக்காம சாத்திக்கினாங்க."

பூபதி எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இப்ப என்னதான்யா பண்ணச் சொல்றே?"

"வெள்ளை அடிச்சிடுங்க. சமாதானக் கலரு. ரெண்டு கோட்டிங் நல்லா அடிக்கணும், திட்டுத்திட்டா தெரியக் கூடாது."

"எழுத்து?"

"எல்லாரும் சமம்னா எந்தத் தலைவரு சார் ஒத்துக்குவாரு? அதையும் அழிச்சிடுங்க."

உலகத்தின் பல மூலைகளிலிருந்து விமானம் ஏறி வந்த பிள்ளைகள், கொளுத்தும் வெயிலில் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளை அடித்தார்கள். சுவர் பளிச்சென்று ஆனது. அதில் ஒன்றுமே இல்லை.

மேடத்தின் கார் வருவதற்குள் ஒரு டீயாவது குடிப்போம் என்று பூபதி எதிரிலிருந்த மாரம்மா கடை பெஞ்சில் விழுந்தார். சுவரோரம் சென்னப்பன் சின்னப் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தான். பாவம், விட்டுப்போன இடத்துக்குப் பூசுகிறான் போல.

"வேலை போனாலும் போவட்டும்க்கா. ஊர்க்காரங்க கோவமாவது தணிஞ்சுதே."

மாரம்மா டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"எந்த ஊர்க்காரங்க? ஊரே நேத்து வேன் புடிச்சி சிங்காரப்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிடுச்சே சார்! இங்க இருக்கறது நானும், எலெக்‌ஷனுக்குக் கட்சி பேரு எழுத இந்தச் செவுத்துக்கு வெள்ளை அடிக்க ஆளு தேடிக்கினு இருந்த சென்னப்பனுந்தான்!"