முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

மனித குலம் அறிவின் உச்சியைத் தொட்டது எப்போது என்று வரலாற்று ஆசிரியர்கள் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்றே கால். இடம், ஓர் உதவிப் பேராசிரியரின் படுக்கையறை. இஸ்திரி மேஜையின் மேல் மடிக்கணினி. இஸ்திரி காணாத துணிமலை, கேமராவுக்கு எட்டாத மூலையில். சர்வதேச இணையவழிக் கருத்தரங்குக்கு இதைவிடப் பொருத்தமான அரங்கம் உண்டா?

திங்கட்கிழமை அவருக்கு இணைப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகத் தேர்வு. பதினேழு வருடம் பாடம் நடத்தியிருந்தார். நன்றாகவும் நடத்துவார். அதெல்லாம் ஒரு தகுதியா? 'சர்வதேசக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார்' என்ற சான்றிதழ் ஒன்று குறைந்தது. அது கிடைக்காவிட்டால், அவரிடமே படித்து, அவர் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்த ஜூனியருக்குப் பதவி போய்விடும்.

"அரைமணி நேரம் சத்தமே வரக்கூடாது. மிக்ஸி வேண்டாம், குழாய் வேண்டாம்" என்று மனைவிக்கு ஆணை பிறப்பித்தார்.

"சரிங்க. மூச்சு விடலாமா?"

"மெதுவா."

அவரோடு சேர்த்து நாற்பத்து மூன்று அறிஞர்கள் இணைந்திருந்தார்கள். கேமராவை அணைத்துவிட்டு, வெறும் பெயர்ப் பலகைகளாகத் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அடுத்தவர் கட்டுரையைக் காதில் வாங்கிச் சொந்தச் சிந்தனையைக் கெடுத்துக்கொள்ளாத மேன்மக்கள்! கடைசிக் கட்டுரையைத் தாமே வாசிக்கவிருந்த அமர்வுத் தலைவர் எல்லாக் கட்டுரைகளையும் "மிக ஆழமான ஆய்வு" என்று பாராட்டினார். ஒருவரை அவர் பேசத் தொடங்கும் முன்பே பாராட்டிவிட்டார்.

நம்மவர் முறை வந்தது. தலைப்பு, 'இல்லப் பணிகளில் ஆண்களின் பங்களிப்பு'.

"முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு நானே நேரில் சென்று தரவுகள் திரட்டினேன். வீட்டு வேலைகளில் நாற்பத்தொரு சதவீதத்தை ஆண்களே செய்கிறார்கள் என்பது ஐயமற நிறுவப்படுகிறது."

சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார் தலைவர். இரண்டு விநாடி விட்டு "இல்லை, நன்றி" என்று அவரே சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் முதல் விநாடியிலேயே அறை வாசலில் மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, எனக்கு ஒரு சந்தேகம்."

உதவிப் பேராசிரியர் மைக்கை அணைக்கப் பாய்ந்தார். பதற்றத்தில் விரல் வேறு பொத்தானில் விழுந்து, திரையில் மஞ்சள் கை ஒன்று உயர்ந்தது.

"ஆகா, கை தூக்கியிருக்காங்க! கேளுங்க மேடம்."

"முந்நூத்திப் பன்னெண்டு வீட்டுக்கு நீங்க எப்பங்க போனீங்க? காய்கறிக் கடைக்குப் போயிட்டு வாங்கன்னா மூட்டு வலிம்பீங்களே! அந்த நாப்பத்தோரு சதவீதம் எந்த வீட்டுல நடக்குது? விலாசம் குடுங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

உலக அறிவு ஸ்தம்பித்தது. இணைப் பேராசிரியர் நாற்காலியில் ஜூனியர் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றுவது உதவிப் பேராசிரியரின் கண்ணுக்குத் தெரிந்தது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "மேடம் எந்தக் கல்லூரி?"

"இந்த வீடுதாங்க."

"மிக ஆழமான கேள்வி. நேரமின்மை காரணமா, இதுக்கான பதிலை ஆய்வாளர் எதிர்காலத்துல குடுப்பார். சான்றிதழை இப்பவே மெயில்ல அனுப்பிடறோம்."

'டிங்' என்றது கணினி. சான்றிதழ்! தங்க நிற ஓரம், மூன்று கையெழுத்து. பதவி பிழைத்தது.

"போகாத வீட்டுக்குப் போனேன்னு சொன்னதுக்கா இது?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் சும்மா இரேன், அத்தனை பேரும் கேட்டுட்டு இருக்காங்க!"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அன்று முதன்முறையாக. "நம்ம மரபுப்படி, எல்லாரும் மைக்கைத் திறந்து ஆய்வாளருக்குக் கைதட்டுவோம்" என்றார் தலைவர்.

மற்ற நாற்பத்திரண்டு மைக்குகளும் திறந்தன. கைதட்டல் வரவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. அவசரக் காலடிகள் கேட்டன. பிறகு, தங்கள் கட்டுரை இன்னும் பாக்கியிருந்த அத்தனை அறிஞர்களின் அறைகளிலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, மிகத் தெளிவாகக் கேட்டது.

முதல் தாழ்ப்பாள் தலைவருடையது.