கருப்பனாருக்கு வைத்த மறுபரீட்சை

அரியூர் நாடு,
28-5-2003

லாரியும் கையுமாக ஊரைச் சுற்றும் அருமை மாப்பிள்ளை பூபதி அவர்கட்கு, மச்சான் குழந்தைசாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரம் ராமாயி, மிளகுக் கொடி, ஆடுகள் யாவரும் நலம். அவ்விடம் உங்கள் நலத்தையும், என் தங்கச்சி நலத்தையும், லாரி டயரின் நலத்தையும் கருப்பனார் பார்த்துக்கொள்வாராக.

நிற்க. போன மாதம் நீங்கள் போனில் சொன்னபடி சங்கீதாவின் படிப்புக்குக் கோயிலில் பூ கேட்டாச்சு. எட்டாவது வரை இங்கே நம் வீட்டிலேயே வளர்ந்த உங்கள் மகளை நாமக்கல்லுக்கு வரவழைத்து ஒன்பதாவது சேர்ப்பதா, மரவள்ளிக் காட்டோடு நிறுத்துவதா. வெள்ளைப் பூ வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் காடு என்றீர்கள். அப்படியே செய்தேன். ஆனால் நடந்ததைச் சொல்ல டிவியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அரியூர் நாட்டு மலை ஊர்களிலேயே முதலில் டிஷ் வைத்தது நம் ஊடுதான். கலெக்டரே வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பேச்சு. நான்தான் அப்போது காட்டில் இருந்துவிட்டேன். அதில் சாயங்காலம் ஒரு ஜப்பான் பொம்மைப் படம் ஓடுகிறது. பேச்சு இந்தி. சாமிகளும் மனுசப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிற கதை. இடிச்சாமி கடைசி பெஞ்சில் கொட்டாவி விட்டால் கூரை ஓடு பறக்கும். கடல்சாமியின் நோட்டு எப்போதும் நனைந்தே இருக்கும். நிலாச்சாமி மாதத்தில் பாதி நாள் லீவு. பலாச்சுளை மாதிரிக் கண்ணுள்ள மனுசப் பிள்ளை ஒருத்திதான் அத்தனை பேருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இப்போது அங்கே புதுச் சட்டம் வேறு: பரீட்சையில் தோற்ற சாமி யாருக்கும் வாக்குச் சொல்லக் கூடாது, மறுபரீட்சையில் தேறின பிறகுதான் சொல்லலாம். இதையெல்லாம் நான் இந்தியிலிருந்து தமிழாக்கிச் சொல்லச் சொல்ல, ஊர்ப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். எனக்கு இந்தி எப்படி என்று கேட்காதீர்கள். உங்கள் லாரியில் ஒருதரம் நாக்பூர் வந்தேனே, போதாதா?

வெள்ளிக்கிழமை பூசாரி சின்னுசாமி அரளிப் பூவை இலையில் மடித்து, இரண்டு பொட்டலமாகக் கருப்பனார் காலடியில் வைத்தார். அவர் பேத்தி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு.

சங்கீதா அழலை மாப்பிள்ளை. கையைக் கட்டிக்கிட்டு முன்னால வந்தா.

"பூசாரிய்யா, நம்ம சாமி எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்குங்க?"

"சாமிக்கு எதுக்குக் கண்ணு படிப்பு?"

"அப்ப எனக்கு ஒன்பதாவது வேணுமா வேண்டாமான்னு அதுக்கு எப்படீங்க தெரியும்?"

டிவி பாக்குற பிள்ளைங்க எல்லாம் ஒரே கூச்சல், "சாமி ஃபெயிலு! மறுபரீட்சை வைங்க!"ன்னு. சின்னுசாமிக்கு மூஞ்சி செவந்து போச்சு. "அருவாள் புடிச்ச சாமியவா ஃபெயிலுங்கிறீங்க? எவன் சொல்லிக்குடுத்தது?"ன்னு அவர் கேக்க, அத்தனை கையும் என் பக்கம் நீளுது. நான் பயந்தவனா? துண்டை உதறித் தோள்ல போட்டேன். "ஏனுங்க சின்னுசாமி, கருப்பனாரும் அங்க படிச்சவருதாங்க. இடிச்சாமிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாரு. குதிரையைக் கட்ட இடமில்லைன்னு பாதியில வந்துட்டாரு. என் கண்ணால பாத்தேன்"னு ஒரு போடு போட்டேன். பொம்பளைங்க கூட்டத்துல இருந்து ராமாயி, "உங்களாட்டம் அஞ்சாவதோட நின்னுட்டாராக்கும்!"ங்கிறா. அவளுக்கென்ன தெரியும்.

சின்னுசாமி சாமி முன்னால போய் உக்காந்தார். "எஞ்சாமி எதுலயும் தோக்காது. இன்னொருக்காப் போடுறேன், பாத்துக்கங்க!"ன்னு ரோசத்தோட பொட்டலத்தைக் கலைச்சு வச்சார். பேத்தி எடுத்தா. வெள்ளை! "சாமி பாஸு!"ன்னு பிள்ளைங்க குதிக்க, பூசாரி கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "நாந்தான் சொன்னனே"ங்கிறார், தான் பெத்த பையனே பாஸானாப்பல.

ஆக, என் அறிவாலும் துணிச்சலாலும் சாமி உத்தரவு கிடைத்துவிட்டது. மீறினால் லாரி பஞ்சருக்கு மேல் பஞ்சர் ஆகும். இதைப் பூசாரி சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

எதிரில் வருகிற வண்டியெல்லாம் உங்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
மச்சான் குழந்தைசாமி

பின்குறிப்பு: நேத்து மிளகு வாங்க வந்த சேட்டு நம்மூட்டுல அந்தப் படத்தைப் பாத்தார். அதுல பரீட்சையே கெடையாதாம்; சாமிங்க பாட்டுப் பாடிச் சண்டை போடுறது மட்டுந்தானாம். நாக்பூர்ல நான் லாரிக்குள்ளயே தூங்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியும். சங்கீதா காதோரம் சொல்லுவா, அதை நான் சத்தமாச் சொல்லுவேன், அவ்வளவுதான். அவளுக்கு மட்டும் இந்தி எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? இன்னைக்குத்தான் நானும் யோசிச்சேன். அந்த மறுபரீட்சைச் சட்டம் வந்ததே நீங்க போன் பண்ணின மறுநாள்தான். இந்தக் கடுதாசியைக் குடுத்துட்டு, பெட்டியோட உங்க முன்னால நிக்கிறாளே, அவகிட்டயே கேட்டுக்கங்க. கேட்டுட்டு ஒன்பதாவதுல சேத்துருங்க. இல்லைன்னா அடுத்த மறுபரீட்சை உங்களுக்குத்தான்.